உடற்பயிற்சியும் வைட்டமின் மாத்திரையும்



அறுபது வயதைக் கடந்த பின்னும் நாள்தோறும் ஓடுவோரும் எடை தூக்குவோரும் இன்று பலர் உளர். அவர்களுள் சிலர் பயிற்சியோடு வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளையும் தவறாமல் உட்கொள்கின்றனர். முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து அது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது?

இரும்பு துருப்பிடிப்பதை நாம் அறிவோம். நமக்கு உயிரளிக்கும் அதே பிராணவாயுதான் இரும்பை அரிக்கிறது. உடலின் உயிரணுக்களிலும் இதனையொத்த செயல் நிகழ்கிறது. அங்கே சென்று சேரும் பிராணவாயுவில் பெரும்பகுதி நீராக மாறிவிடும். மிகச் சிறு பகுதி மட்டும் நிலைகொள்ளாத துகள்களாகி, அண்டையிலுள்ள பொருள்களைத் தாக்கும். இத்தாக்குதலே மூப்புக்குக் காரணம் என்னும் கொள்கையை 1956ஆம் ஆண்டில் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். கடும் பயிற்சியில் இத்துகள்கள் பெருகும். மேற்சொன்ன வைட்டமின்கள் அவற்றை அடக்கவல்லன. ஆகவே பயிற்சி செய்வோர்க்கு மாத்திரை வேண்டும் என்று பலர் முடிவுகட்டினர். கேட்பதற்கு நேர்த்தியான வாதந்தான். ஆனால் வாதம் வேறு, சோதனை வேறு.

ஜெர்மனியில் ஏறத்தாழ 40 இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யச் சொல்லி, ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும், அதனுடன் வைட்டமின் ஈயும் கொடுத்தனர். முடிவு 2009இல் வெளிவந்தது. மாத்திரை உண்ணாதவர்களின் உடலில் இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்தது. உண்டவர்களுக்கு அந்நன்மை கிட்டவில்லை!

இதன் காரணத்தை ஆய்ந்து பார்த்தால் வியப்பு நீங்கும். அத்துகள்களே உடலுக்கு எச்சரிக்கை மணியாகவும் பயன்படுகின்றன. மணியோசை கேட்டதும் உடல் தன் சொந்தக் காப்புப் பொருள்களை மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது. வீட்டுக் கணக்கையெல்லாம் அண்ணனே போட்டுக் கொடுத்துவிட்டால் தம்பி கணக்குக் கற்பானா? மாத்திரை செய்வது அந்த அண்ணனின் வேலை.

முதியோர்க்கு இன்னும் நெருக்கமான சோதனை நார்வே நாட்டில் நடந்தது, 2016இல் வெளியாயிற்று. 60 முதல் 81 வயது வரையுள்ள 34 ஆடவர்கள் 12 வாரம் எடை தூக்கிப் பயின்றனர். வெற்று மாத்திரை உண்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடலெடை 3.9 விழுக்காடு கூடியது. வைட்டமின் உண்டவர்களுக்கு 1.4 விழுக்காடே கூடியது. வலிமையில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தசை தேய்ந்து, கால் தடுமாறி, விழுந்து எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதே முதுமையின் பேரச்சம். அத்தசையை வளர்க்கத்தானே இவ்வளவு பாடும்?

வைட்டமின் சி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் போதும். ஒரு கொய்யாப்பழம் அதைத் தந்துவிடும். கடையில் விற்கும் பெரிய மாத்திரையோ அதைப்போல் பத்து மடங்கு.

குறைபாடு கண்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டா. யான் கூறியதெல்லாம் தாமாகவே வாங்கி உண்ணும் பேரளவு மாத்திரைகளைப் பற்றியே.