சத்தமே இல்லாமல் கருகும் வால்வு! பழைய படகு என்ஜினை காப்பது எப்படி?

கூடலூர்,

கம்பம் பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடிக்கு முல்லைப்பெரியாறு தண்ணீரே உயிர். இந்த அணைக்கு தமிழக நீர்வளத்துறையினர் தேக்கடியில் இருந்து படகில் சென்று வருகின்றனர். நடுஏரியில் என்ஜின் மக்கர் செய்தால் பெரும்பாடுதான்.

பழைய டீசல் என்ஜினில் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். அது கூடினால் 'டக்டக்' என சத்தம் போட்டு காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தால்தான் ஆபத்து. சத்தம் வராது. சூட்டில் வால்வு நீண்டு முழுசாக மூடாது. நெருப்புக்காற்று கசிந்து வால்வு கருகிவிடும்.

சிலிண்டரின் 2 வால்வுகளும் மூடியிருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்கு பீலர் கேஜ் வைத்து டேப்பட்டை சரிசெய்ய வேண்டும். குளிர வைக்கும் தண்ணீர் குழாயில் பாசி அடைத்தாலும் என்ஜின் சூடேறி வால்வு கெடும்.

தோட்டத்து டீசல் பம்புசெட்டுக்கும் டேப்பட் வைத்தியம் இதேதான்.