ஒலி 96.8-க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விமானி!

சிங்கப்பூர்த் தமிழர் வீட்டு ரேடியோவில் முள் எங்கே நிற்கும்? வேறெங்கே, ஒலி 96.8-இல்தான்! அங்கே ஒலிக்கும் பாட்டுக்குப் பின்னால் ஒரு விமானியும் காத்து நிற்கிறார், தெரியுமா?

கணக்கைப் பாருங்கள். 96.8-ஐப் பிடிக்க, பெரும்பாலான பழைய எஃப்எம் பெட்டிகள் தமக்குள்ளேயே 107.5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கும். வித்தியாசம் 10.7. அதைத்தான் பெட்டி ஒலியாக்குகிறது. அட, 118.2-க்கும் 107.5-க்கும் உள்ள வித்தியாசமும் அதே 10.7! விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதோ 118 முதல் 137 வரை. நல்ல ரேடியோ வடிகட்டிவிடும். மட்டமான ரேடியோ ஏமாந்துபோகும்! ஒலி மாதிரி பலமான நிலையம் விமானியை அமுக்கிவிடும் என்பது வேறு விஷயம். நிலையம் இல்லாத இடைவெளியில் முள்ளை வைத்தால், ஓடுபாதைப் பக்கம் அந்தக் குரல் மங்கலாகக் கசியலாம்.

இன்னொன்று தெரியுமா? முள்ளை 98.7-க்கு நகர்த்தினால் உள்ளே பிறக்கும் அலை 109.4. விமானத்துக்கு வழிகாட்டும் கருவிகளின் பட்டை அது! 1960களில் அமெரிக்கா விமானத்துக்குள் எஃப்எம் ரேடியோவுக்குத் தடை போட்டது அந்த அலை பெட்டியிலிருந்து வெளியே கசிந்து கருவிகளைக் குழப்பிவிடும் என்று பயந்துதான். கைப்பேசி வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பு!

சேகரிப்பவர்கள் வலைவீசித் தேடுவது, விமானப் பட்டையைக் குறிக்க முகப்பில் ‘ஏர்’ என்று அச்சிட்ட 1960, 70களின் கைப்பெட்டிகளை. பழையதைத் தேடிப் போகலாம் என்றால், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருந்த சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டுவிட்டது. உதிரி பாகங்களுக்கு சிம் லிம் டவர் இருக்கிறது.

சரி, அறுபது வயதுப் பெட்டி இன்றைய சாங்கி விமானத்தைப் பிடிக்குமா? பிடிக்கும்! வானில் விமானிகள் பேசுவது இன்னும் அதே ஏஎம் முறையில்தான். அதில் ஒரு வசதியும் உண்டு. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மட்டுமே கேட்கும். ஏஎம்மில் கீச்சென்று விசில் எழும். யாரோ குறுக்கே பேசுகிறார் என்று கோபுரத்துக்குப் புரிந்துவிடும்.

பழைய அலைவரிசைகள் என்றதும் நினைவுக்கு வருபவர் பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட். அவர் சிங்கப்பூரில் இறங்கினார், தெரியுமா? காலாங் விமான நிலையம் திறந்தது 1937 ஜூன் 12. எட்டே நாளில், ஜூன் 20-இல் அங்கே வந்தார். மறுநாள் பாண்டுங் பறந்தார். ஜூலை 2-இல் பசிபிக்கில் காணாமலே போனார்! அவர் நம்பியிருந்த அலைவரிசைகள் இரவுக்கு 3105, பகலுக்கு 6210 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் சிற்றலை. தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் 49 மீட்டர் பட்டையை ஒட்டித்தான் அந்த 6210 இருக்கும்!

ஆர்வக்கோளாறில் கண்டதையும் வாங்கிவிடாதீர்கள். அலைவரிசைகளைத் தானே துழாவும் ‘ஸ்கேனிங் ரிசீவர்’ சிங்கப்பூரின் தடைப்பட்டியலில் இருக்கிறது. கையால் திருகும் பெட்டியாகவே இருந்தாலும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்!