ஆர்ப்ரோத்

ஆர்ப்ரோத் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வட கடலை ஒட்டி அமைந்துள்ள ஒரு துறைமுக நகரம் ஆகும்.

இங்குள்ள மடத்தை 1178 ஆம் ஆண்டில் அரசர் முதலாம் வில்லியம் நிறுவினார். செந்நிற மணற்கல்லால் ஆன அதன் இடிபாடுகளே நகரின் முதன்மையான காட்சி. ஸ்காட்லாந்தின் விடுதலையை ஏற்குமாறு 1320 இல் திருத்தந்தைக்கு அனுப்பப்பட்ட கடிதம் ஆர்ப்ரோத் சாற்றுரை எனப்படுகிறது.

கரையில் இருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், கடலுக்குள் பெல் பாறை உள்ளது. உயர் ஓதத்தின்போது இது முழுதும் மூழ்கிவிடும் என்பதால் பல கப்பல்கள் இதில் மோதி அழிந்தன. 1804 இல் யார்க் என்ற போர்க்கப்பல் மாலுமிகள் அனைவருடனும் தொலைந்ததற்கும் இப்பாறையே காரணம் எனக் கருதப்பட்டது. 1807 இல் கலங்கரை விளக்கப் பணி தொடங்கியது. தாழ் ஓதத்தில் பாறை வெளிப்படும் சில மணி நேரத்தில் மட்டுமே அடித்தள வேலை நடக்க முடிந்தது. 1811 பெப்ரவரி 1 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. இதைக் கட்டிய பெருமை ராபர்ட் ஸ்டீவன்சனுக்கா, தலைமைப் பொறியாளர் ஜான் ரென்னிக்கா என்பதில் இரு குடும்பத்தாருக்கும் இடையே நெடுங்காலம் பூசல் இருந்தது. கட்டுமானப் பணியைப் பாறையில் நேரில் இருந்து நடத்தியவர் ஸ்டீவன்சன் என்பதை மறுக்க இயலாது. 1988 இல் விளக்கு தானியங்கி ஆனது.

காவலர்களின் குடும்பங்கள் வாழ்ந்த சமிக்கைக் கோபுரம் (1813) துறைமுகத்தின் அருகில் உள்ளது. கோபுரத்தில் இருந்தவர்கள் சைகைகள் மூலம் விளக்கத்தில் இருந்தவர்களுடன் தொடர்பு கொண்டனர்.

வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, விறகுப் புகையில் வேகவைக்கப்படும் ஹேடாக் மீனான ஆர்ப்ரோத் ஸ்மோக்கி, 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வகை மீன் அருகிலுள்ள ஆக்மித்தி என்ற சிற்றூரில் தோன்றியது.