மனை அவர் பேரில், சம்பளம் இவர் பேரில்

அந்தமானில் கராச்சர்மா பக்கம் ஒரு வீட்டுமனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா வழியில் வந்தது. தாசில்தார் அலுவலகம் தரும் ‘ஃபார்ம் எஃப்’ என்ற நில உரிமைப் பதிவின் நகலில் கணவர் பெயர் மட்டும்தான். அவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மாதம் பிறந்தால் சம்பளம், இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வீடு கட்ட இருவரும் கூட்டாகக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்கள். “மேடத்துக்கு சிபில் ஸ்கோர் பிரமாதம். சாருக்குத்தான் இடிக்குது” என்று பதில் வருகிறது.

வெளியே வந்ததும் மனதில் தோன்றும் முதல் யோசனை, “அப்போ என் பேர்ல மட்டும் போட்டுடலாமேங்க” என்பதுதான். சென்னையில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு இது சரிப்படலாம். நல்ல ஸ்கோர் உள்ளவர் பெயரிலேயே வீட்டை வாங்கி, அவரே கடனையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தமானில் நிலைமை வேறு. இங்கே நிலம் முழுவதும் அரசுடையது. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி மக்களிடம் இருப்பது அனுபவ உரிமை. அந்த உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி அந்த மனையை அடமானமாக ஏற்காது. உரிமையாளர்கள் எல்லோரும் கடனிலும் சேர வேண்டும் என்பதே பெரும்பாலான வங்கிகளின் நிபந்தனை. ஆக, ஸ்கோர் குறைந்தவரை விட்டுவிட்டுக் கடன் வாங்கும் வழி அடைபட்டுவிடுகிறது. பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்குத் தனி நடைமுறை, தனிச் செலவு. வெறும் ஸ்கோருக்காக அவசரப்பட்டுச் செய்கிற காரியமல்ல அது.

கணவரின் ஸ்கோர் ஏன் விழுந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடன் வரலாறுகளைத் திரட்டும் சிபில் நிறுவனத்தின் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோவதில் பயனில்லை. முழு அறிக்கையையும் எடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். ‘000’ என்றால் அந்த மாதத் தவணை ஒழுங்காகப் போயிருக்கிறது. ‘030’ என்றால் முப்பது நாள் தாமதம். ‘090’ வந்துவிட்டால் வாராக்கடனின் வாசலுக்கு வந்தாயிற்று. கணவனும் மனைவியும் பேனாவை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டங்களை ஒவ்வொரு மாதமாகப் படித்துப் பார்க்க வேண்டும். “அந்த மாசம் என்ன நடந்துச்சு?” என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

தீவுகளில் பலருக்கு அந்தப் பதில் 2020. மார்ச் மாதம் விமானமும் கப்பலும் நின்றன, சுற்றுலா செத்தது, வண்டிக்கடனும் படகுக்கடனும் நட்டாற்றில் நின்றன. அப்போது ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அப்படித் தள்ளிவைத்ததைக் கடன் வரலாற்றில் தவறாகப் பதியக் கூடாது என்றும் சொன்னது. அந்தச் சலுகையைப் பெற்றவர்களின் அறிக்கையில் அந்த ஆறு மாதக் கட்டங்களில் தாமதம் ஏறியிருந்தால், அது திருத்தப்பட வேண்டிய பிழை. செப்டம்பருக்குப் பிறகு உண்மையாகவே கட்ட முடியாமல் போனது வேறு கணக்கு. அதை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது.

நம் தமிழ்ப் பெயர்களால் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துதான். ஒரு ஆவணத்தில் ‘கே. முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் கருப்பையா’, மூன்றாவதில் ‘கருப்பையா முருகன்’ என்று இருக்கும். தெருவுக்கு நாலு முருகன் இருக்கிற ஊரில், யாரோ ஒரு முருகன் கட்டாத கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ள இது போதும். பான் எண், பிறந்த தேதி, பழைய முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று ஜாமீன். அரசு வேலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதை மரியாதைக்காகச் செய்கிறோம். ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. நண்பர் கட்டவில்லை என்றால் அது உங்கள் வரலாற்றையும் தொடும். உங்களுக்கே தெரியாமல் ஸ்கோர் விழுந்திருந்தால், என்றைக்கோ போட்ட அந்தக் கையெழுத்து நினைவிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

பேரம் பேசிப் பாதித் தொகையில் முடித்த கடனும் அப்படித்தான் கழுத்தறுக்கும். வங்கி “முடிஞ்சுது சார்” என்று சொல்லியிருக்கும். அறிக்கையிலோ ‘செட்டில்டு’ என்று நிற்கும். அடுத்த வங்கி அதை, முழுசாகக் கட்டாதவர் என்றே படிக்கும். மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்ல வேண்டும். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

திருத்தும் உரிமை கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், 2005 தந்தது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்துசேர்ந்த பிறகு, இதை வீட்டில் இருந்தே கைப்பேசியில் எடுத்துவிடலாம். பிழையைக் கண்டால் அந்த நிறுவனத்திடமும் சம்பந்தப்பட்ட வங்கியிடமும் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கொல்கத்தாவுக்கு அலைய வேண்டாம். இணையத்திலேயே புகார் தரலாம்; விவரம் கேட்க 14448. புகார் எண்ணையும் தேதியையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். “பத்து நாளில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்” என்று பணம் கேட்பவரிடம் ஓடிபியைச் சொல்லாதீர்கள். உண்மையான தாமதத்தை அழிக்கும் அதிகாரம் அப்படிப்பட்டவர் யாருக்கும் இல்லை.

இனி அந்த ஆசிரியைக்குத் தனியாகச் சில வார்த்தை. திருமணம் ஆனதால் மட்டும் கணவரின் கடன் உங்கள் அறிக்கையில் ஏறாது. இரண்டு வரலாறுகளும் தனித்தனி. கூட்டுக் கடனில் கையெழுத்துப் போடும் நாளில்தான் அவை ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன. “பாதிக் கடன்தான் என்னுடையது” என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 43-இன்படி வங்கி முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பிறகு வீடே கைமாறலாம். வங்கி வீட்டைக் கைப்பற்றுவதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம், நம் தீவுகளுக்கான தீர்ப்பாயம் இருப்பது கொல்கத்தாவில். மணமுறிவு வந்தாலும் வங்கிக்கு நீங்கள் கடனாளிதான். நீதிமன்றத்தில் நீங்கள் இருவரும் செய்துகொள்ளும் உடன்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது.

எனக்கு மிகவும் கவலை தருவது, கடனில் பெயர் உண்டு, மனையில் பெயர் இல்லை என்ற நிலைமை. இருபது வருடம் சம்பளத்தில் பிடித்தம் போகும், வீடு மட்டும் சட்டத்தின் கண்ணில் இன்னொருவருடையதாகவே இருக்கும். பழைய வரிமுறையில் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் வட்டிக்கான வருமான வரிக் கழிவும் உரிமையாளராக இல்லாதவருக்குக் கிடைக்காது. இதைக் கேட்பது கணவர் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. கையெழுத்துக்கு முன்பு ‘என் பெயரையும் சேர்க்க முடியுமா’ என்று தாசில்தார் அலுவலகத்தில் இருவரும் சேர்ந்தே போய்க் கேட்டுவிடுங்கள். சட்டம் புரியாவிட்டால் சட்டப் பணிகள் ஆணையத்தை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. எண் 15100.

எல்லாம் பார்த்த பிறகும் கணவரின் ஸ்கோர் குறைவாகவே இருக்கிறதா? கதவு முழுக்க மூடிவிடவில்லை. சில வங்கிகள் முதன்மை விண்ணப்பதாரரின் ஸ்கோரைப் பார்க்கின்றன, சில இருவரில் குறைந்ததைப் பார்க்கின்றன. ஆகவே மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் என்ன ஆகும் என்று நேராகக் கேளுங்கள். 30 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தர விதி அனுமதிக்கிறது. அந்த விளிம்பு வரை கேட்காமல், கையில் கூடுதலாகப் போட்டுக் கடனைக் குறைத்தால் வங்கியின் தயக்கமும் குறையும். சிமென்டும் கம்பியும் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வரும் ஊரில் கைக்காசு போடுவது எளிதல்ல என்று தெரியும். அப்படியானால் ஓர் ஆண்டு பொறுத்து, வண்டிக்கடனை ஒரு நாளும் பிசகாமல் கட்டி வாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்புகின்றன, நல்லதும் சீக்கிரம் ஏறும். ஒரே மாதத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பம் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகிறது.

வங்கி மறுத்தால் வாய்மொழியோடு திரும்பி வராதீர்கள். எந்தத் தொகைக்கான விண்ணப்பமானாலும் மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, காரணம் எந்தக் கடனின் எந்த மாதக் கட்டம் என்று வீட்டில் வைத்திருக்கும் அறிக்கையில் தேடிப் பாருங்கள்.