துணிக்கூரையைக் கிழித்தவர் காரையும் ஓட்டிச் சென்றுவிட முடியுமா?

கீற்றுக் கொட்டகையின் கதவில் எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாலும், கீற்றைப் பிரித்து உள்ளே போய்விடலாம் என்பதுபோல, 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற துணிக்கூரை கார்களில் ஒரு கத்தியே சாவியாகிவிடுகிறது.

ஆனால், உள்ளே நுழைந்தவரால் வண்டியைக் கிளப்ப முடியுமா?

சாவியின் தலைப்பகுதியில் புதைந்துள்ள சிறு சில்லு, சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிடமிருந்து ஆற்றல் பெற்றுத் தன் ரகசியக் குறியீட்டை அனுப்ப, அது பொருந்தினால் மட்டுமே எஞ்சினின் கணினி அதை இயங்கவிடும். 'இம்மொபிலைசர்' எனப்படும் இவ்வேற்பாடு பிரிட்டனில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

கொட்டகை திறந்து கிடந்தாலும் மாடு பழகிய குரலுக்கே எழுந்து வருவதைப் போன்றது இது.

இதனால்தான் உரிமையாளர் சிலர், உள்ளே எதையும் வைக்காமல் கதவைப் பூட்டாமலேயே விட்டு, விலைமிக்க கூரையைக் காக்கின்றனர். காப்பீட்டு நிறுவனம் இதை ஏற்குமா என்று முன்னதாகவே கேட்டறிவது நல்லது.