ஓட்டிக்கொண்டே படிக்கும் பலகை

வழிகாட்டிப் பலகை வடிவமைப்பது என் தொழில். சைக்கிளை அடித்தள மூலைக்கு ஒதுக்கிவிட்டு, கடைசி நாளில் ஏ4 தாளில் அம்புக்குறி அச்சடித்து டேப் ஒட்டும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். 2019-இல் முழுமையடைந்தது, மூன்று தளங்கள், 12,500 சைக்கிள்கள். வேலைக்குப் போகிறவர்கள் இறங்காமலே உள்ளே ஓட்டிப் போகலாம். எங்கே இடம் காலி என்று மின்பலகை காட்டிவிடும். ஓட்டுகிறவர் நின்று படிக்க முடியாது, பின்னால் ஆள் வருவார். அதனால் எழுத்து பெரிதாக, சொல் குறைவாக, திருப்பத்துக்கு முன்பே கண்ணில் பட வேண்டும்.

அலுவலகத்திலும் நுழைவாயிலில் தொடங்கும் நிறம் லாக்கர், குளியலறை, லிஃப்ட் வரை விடாமல் வரட்டும். வியர்வையோடு வருகிறவர் காவலாளியிடம் வழி கேட்டு நிற்க வேண்டாம்.