வரைபடத்தில் ஒரு மூலை

நான் செவிலி. மடாலயம் என்றாலே நோயாளிகளுக்கான அறையைத்தான் முதலில் தேடுவேன். சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மடாலய நூலகத்தில், ஐந்து தோல்துண்டுகளைத் தைத்து வரைந்த ஒரு வரைபடம் உள்ளது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பெனடிக்ட் சபையின் மடம் எப்படி அமையவேண்டும் என்று காட்டுவது. அது அப்படியே கட்டப்படவில்லை.

அதில் நோயாளிகளுக்குத் தனி முற்றம், தனிச் சிற்றாலயம். அருகே மருத்துவர் வீடு, கடும் நோயாளிகளுக்கு ஓர் அறை. மூலிகைத் தோட்டத்தில் 16 பாத்திகள். வெந்தயம், சீரகம், புதினா எனப் பெயர்களும் உண்டு. நம் அஞ்சறைப்பெட்டிதான்!

நோயாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிசெய் என்கிறது பெனடிக்டின் ஒழுங்குநூல். ஆலயத்துக்கு வரமுடியாதவரிடம் ஆலயமே வருகிறது.

இரவுப்பணியில், சாகக்கிடந்தவரைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடியிருக்கிறேன். இடமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வரைபடம் அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை.